முள் குத்திய இடம்

கொல்லைப்புறத்தில் செருப்பில்லாமல் நடந்தவரின் குதிகாலில் கருவேல முள் ஏறிவிடுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். சாயங்காலம் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. இரவில் வீங்கி விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டாம் நாள் வெள்ளையாக முனை கட்டிச் சீழ் கோக்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. உடம்பு லேசாகக் காய்கிறது. முள் குத்தின இடம் பழுத்துவிட்டது என்கிறார்கள் வீட்டில்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் எழுதிவைத்தார். இவை நோய் விளைவிக்கும் கேடு என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் இந்த நான்கில் பெரும்பகுதியை உடல் தானே செய்துகொள்கிறது. பழுத்த குதிகாலில் நாம் பார்ப்பது கிருமியின் வேலையைக் காட்டிலும் கிருமியை அகற்றும் வேலையைத்தான். அதைச் செய்வது பிறவியிலேயே நம்முடன் வரும் எதிர்ப்பாற்றல். அதற்குத் தடுப்பூசி வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். இதுவரை சந்தித்தே இராத கிருமியாக இருந்தாலும் சில நிமிடங்களில் அது வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இந்த உண்மை முதன்முதலில் தெரியவந்ததும் ஒரு முள்ளால்தான்.

1882ஆம் ஆண்டின் கடைசி நாட்கள். இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா நகரம். ஒடெசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வந்திருந்த இலியா மெச்னிக்கோவ், மனைவி ஓல்காவுடனும் அவருடைய தம்பி தங்கைகளுடனும் அங்கே தங்கியிருந்தார். மெச்னிக்கோவ் மருத்துவர் அல்லர்; விலங்கியலாளர். கடல்வாழ் சிற்றுயிர்கள் எப்படிச் செரிக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு நாள் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கக் குடும்பம் முழுவதும் சர்க்கஸுக்குப் போய்விட்டது. தனியாக இருந்த அவர் நட்சத்திர மீனின் லார்வாவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லார்வா கண்ணாடிபோல இருக்கும். வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அமீபாவைப் போல ஊர்ந்து திரியும் செல்கள் உணவுத் துணுக்குகளைத் தமக்குள் இழுத்துச் செரித்துக்கொள்வதை அவர் அறிவார். அன்றைக்குத்தான் அந்த எண்ணம் வந்தது: இவை உணவை மட்டும்தான் விழுங்குமா, உள்ளே நுழைந்த வேண்டாத பொருளையும் போய்ச் சூழ்ந்துகொள்ளுமா?

சூழ்ந்துகொள்ளும் என்றால், மனித விரலில் சிராய் ஏறினால் சீழ் திரள்வதுபோல இந்த லார்வாவுக்குள்ளும் ஏதாவது திரள வேண்டும். அவர் தோட்டத்துக்குப் போனார். சில நாட்களுக்கு முன் அங்கே ஒரு சின்ன ஆரஞ்சுச் செடியைக் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அங்கிருந்து சில ரோஜா முட்களை எடுத்து வந்து லார்வாக்களின் தோலுக்கடியில் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தபோது முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன.

நட்சத்திர மீன் லார்வாவுக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழற்சி என்பது ரத்தக் குழாய்களின் கோளாறு என்று அன்றைய மருத்துவர்கள் சொல்லிவந்ததற்கு இதுவே பதில். ரத்தமே இல்லாத ஓர் உயிரிலும் முள் குத்திய இடத்துக்குச் செல்கள் ஓடுகின்றன என்றால், அந்த ஓட்டம்தான் மூலம். சிவப்பும் சூடும் பின்னால் வந்து சேர்ந்தவை. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது நன்னீரில் வாழும் டாப்னியா என்ற நீர்த்தெள்ளு. அதுவும் ஊடுருவித் தெரியும் உடல் கொண்டது. ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் குடலைத் துளைத்து உள்ளே வர, செல்கள் அவற்றைப் பற்றி விழுங்கிக் கரைப்பதை அவர் கண்ணாரக் கண்டார். செல்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைத்தது. வித்துகள் பெருகினால் செத்தது. 1884இல் இதை வெளியிட்டார். 'உண்ணும் செல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் வியன்னாவின் விலங்கியல் பேராசிரியர் கிளாஸ். தமிழில் விழுங்கணு எனலாம்.

எதிர்ப்பாற்றலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கோட்டை, காவல், படை என்று போர்க்களத்துக்கே போய்விடுகிறார்கள். மெச்னிக்கோவ் வந்த வழி வேறு. அவர் அடுப்படி வழியாக வந்தார். குளத்து அமீபா பாக்டீரியாவைப் பிடித்துத் தின்கிறது, அது அதற்குச் சாப்பாடு. பல செல்கள் சேர்ந்து ஓர் உடலான பிறகு, செரிக்கும் வேலையை வயிறு எடுத்துக்கொண்டது. ஆனாலும் பழைய பசியோடு சில செல்கள் உடலெங்கும் அலைகின்றன. நம் காப்பு அந்தப் பசியிலிருந்து பிறந்தது. போர் உவமையைவிட இந்தப் பார்வை உண்மைக்கு நெருக்கமானது; முள் குத்திய குதிகாலைப் புரிந்துகொள்ள இதுதான் உதவுகிறது.

முள் குத்தாத நாட்களில் கிருமிகள் ஏன் உள்ளே வருவதில்லை என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. அது நாள்தோறும் உதிர்கிறது. அதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. மூச்சுக்குழாயில் சளி தூசியையும் கிருமியையும் ஒட்டவைக்க, நுண்ணிய மயிரிழைகள் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிப்பதில்லை. கண்ணீரிலும் எச்சிலிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. 1921இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், ஜலதோஷம் பிடித்திருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் மூக்குச் சளியைப் பாக்டீரியாத் தட்டில் இட்டுப் பார்த்தபோது பாக்டீரியாக்கள் கரைந்து போயின. பிறகு எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் விட்டு, கூட வேலை செய்தவர்களின் கண்ணீரையெல்லாம் சேகரித்தார். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலும் அதே நொதி இருந்தது. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

தவளைக் கதை ஒன்றும் சொல்லத்தக்கது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப், முட்டைகளை எடுப்பதற்காக ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தைத்து, மீண்டும் தொட்டியில் விட்டுவந்தார். தொட்டித் தண்ணீரில் கிருமிகள் ஏராளம். ஆனால் தையல் போட்ட புண் பழுக்கவே இல்லை. காரணத்தைத் தேடியவர், தவளைத் தோல் சுரக்கும் சிறு புரதத் துண்டுகளைப் பிரித்தெடுத்து 1987இல் வெளியிட்டார். பாக்டீரியாவின் மேலுறையில் ஓட்டை போடுபவை அவை. நம் தோலிலும் குடலிலும் இதே வேலையைச் செய்யும் டிஃபென்சின்கள் இருக்கின்றன.

முள் இந்தத் தடைகளை ஒரே குத்தில் தாண்டிவிடுகிறது. குதிகாலின் சதைக்குள் அதன் முனையோடு மண்ணும் பாக்டீரியாவும் போய்ச் சேர்கின்றன. அங்கே மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரு விழுங்கணுக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அகப்பட்டதை விழுங்கிக்கொண்டே அவை சில புரதங்களை வெளியே விடுகின்றன. பக்கத்திலிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நுண்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர்கள் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம். நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி. செல்சஸ் எழுதிய நான்கும் இப்படித்தான் வருகின்றன.

கசியும் நீரோடு காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டமும் வருகிறது. முப்பதுக்கு மேற்பட்ட இந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்து ரத்தத்தில் விடுவது கல்லீரல். ஒன்று வெட்டுப்பட்டால் அது அடுத்ததை வெட்டும், அது அதற்கடுத்ததை. முடிவில் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கணுவுக்கு இதோ சாப்பாடு என்று காட்டிக்கொடுக்கும் துண்டுகளும் உண்டு. பாக்டீரியாவின் தோலில் வளையமாகச் சேர்ந்து துளை போடுபவையும் உண்டு.

அடுத்து வருவது நியூட்ரோஃபில். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். நல்ல உடல்நலம் உள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. பெரும்பாலானவை வேலையே இல்லாமல் வந்து, வேலையே இல்லாமல் மடிகின்றன. ஆனால் முள் குத்திய இடத்தருகே ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. வேகமாக ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அதில் இடறி, உருண்டு, வேகம் குறைந்து, நின்று, சுவரின் செல்களுக்கு இடையே உடலை ஒடுக்கிக்கொண்டு வெளியே நுழைகிறது. பிறகு வேதிப்பொருள் செறிந்த திசை பார்த்து ஊர்ந்து முள் இருந்த இடத்தை அடைகிறது.

இந்த ஒட்டுதல் எவ்வளவு முக்கியம் என்பதைச் சில பச்சிளங் குழந்தைகள் காட்டுகிறார்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வழக்கமாக ஓரிரு வாரங்களில் காய்ந்து விழுந்துவிடும். அதை அறுத்து விடுவதில் நியூட்ரோஃபில்களுக்குப் பங்கு உண்டு. மிக அரிதாக, நான்கு வாரம் கடந்தும் கொடி விழாமல் இருக்கும். அதன் அடி புண்ணாகும். ரத்தத்தைப் பரிசோதித்தால் வெள்ளையணுக்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் புண்ணில் துளி சீழ் இருக்காது. நியூட்ரோஃபில்களின் மேல் இருக்க வேண்டிய ஓர் ஒட்டுப் புரதம் மரபணுக் குறையால் இல்லாததால், குழாய்க்குள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருக்கும் அவை வெளியே வர வழியின்றிக் கடந்து போகின்றன. கடுமையான வகையில், எலும்பு மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால் குழந்தை பிழைப்பது அரிது. சீழைப் பார்த்து முகம் சுளிக்கும் நமக்கு, சீழ் வைக்காத அந்தப் புண் நிறையச் சொல்கிறது.

விழுங்கியாயிற்று; கொல்ல வேண்டுமே. நியூட்ரோஃபில் பிராணவாயுவை உறிஞ்சி, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும், பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் செய்து தன் வயிற்றுக்குள்ளேயே விடுகிறது. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதும் கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். இதைச் செய்யும் நொதி பச்சை நிறம் கொண்டது. கெட்டியான சளிக்கும் சீழுக்கும் அந்தப் பச்சைச் சாயல் அதனால்தான் வருகிறது. பிராணவாயுவை இப்படி மாற்றும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய செல்கள் ஓடிவரும், விழுங்கும், ஆனால் உள்ளே போனது சாகாது. நிணக்கணுக்களிலும் கல்லீரலிலும் கட்டிகள் திரும்பத் திரும்ப வரும். 1950களில் இந்த நோய் விவரிக்கப்பட்டபோது, உயிரைப் பறிக்கும் குழந்தை நோய் என்றே பெயரிட்டார்கள். இன்று தொடர்ந்து கொடுக்கும் மருந்துகளாலும் மஜ்ஜை மாற்றாலும் பலர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள்.

2004இல் பெர்லினில் ஆர்டுரோ சிச்லின்ஸ்கியின் குழு இன்னொன்றைக் கண்டது. சில நியூட்ரோஃபில்கள் தம் டிஎன்ஏவையே வலைபோல வெளியே விரித்துப் பாக்டீரியாவை அதில் சிக்கவைக்கின்றன. வேலை முடிந்து இறந்த நியூட்ரோஃபில்களும் செத்த பாக்டீரியாக்களும் கரைந்த திசுவும்தான் சீழ்.

இவ்வளவையும் செய்யும் செல்லுக்கு, எது கிருமி, எது தன் உடல் என்று எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மெச்னிக்கோவுக்குப் பின் நூறாண்டு பிடித்தது. தாமதத்துக்குக் காரணம் உண்டு. 1890இல் டிப்தீரியாவுக்கு எதிரான சீரம் வந்தது. அறிவியல் உலகம் அந்தச் சீரத்தில் இருந்த, குறிப்பிட்ட கிருமியையோ நஞ்சையோ பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் பின்னால் போயிற்று. 1908இல் நோபல் பரிசை மெச்னிக்கோவுக்கும், ஆன்டிபாடிகளின் பக்கம் நின்ற பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அதன்பின் விழுங்கணுக்கள் பாடநூலின் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டன. நுட்பமான வேலை ஆன்டிபாடிகளுடையது, இவை முரட்டு வேலைக்காரர்கள் என்ற எண்ணம் படிந்தது. அது பெரிய பிழை.

1989இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே தம் துறையினர் வெளியே சொல்லாத ஒரு விஷயத்தைப் பேசினார். தூய்மையான புரதத்தை விலங்குக்கு ஊசியாகப் போட்டால் ஆன்டிபாடி சரியாக உருவாவதில்லை. அதோடு செத்த பாக்டீரியா எதையாவது கலந்தால்தான் உருவாகிறது. ஏன்? அயலான பொருள் வந்ததா என்று மட்டும் உடல் பார்ப்பதில்லை. வந்தது கிருமிதானா என்று பார்க்கிறது என்றார் ஜேன்வே. பாக்டீரியாவிடம் மட்டுமே இருக்கும், நம் உடலில் எங்கும் இல்லாத சில அமைப்புகளை அடையாளம் காணும் ஏற்பிகள் பிறவி எதிர்ப்பாற்றலின் செல்களில் இருக்க வேண்டும். அவை சரி என்று சொன்ன பிறகே மற்றவை எழும். அப்போது அவர் கையில் அப்படிப்பட்ட ஏற்பி ஒன்றுகூட இல்லை.

விடை பழ ஈயிலிருந்து வந்தது. ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, ஈயின் கரு வளர்ச்சியைக் குலைக்கும் ஒரு மரபணுவுக்கு 'டோல்' என்று பெயர் வைத்திருந்தார். 'அடேயப்பா' என்பதற்கான ஜெர்மன் சொல் அது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புருனோ லெமேத்ரும் மற்றவர்களும் அந்த மரபணு பழுதான ஈக்களைப் பூஞ்சைக்கு ஆளாக்கியபோது அவை தாக்குப்பிடிக்காமல் செத்தன. செத்த ஈயின் உடலெங்கும் பூஞ்சை இழைகள் முளைத்திருந்தன. இது 1996இல். அடுத்த ஆண்டே ருஸ்லான் மெட்சிட்டோவும் ஜேன்வேயும் மனிதனிடம் அதே போன்ற ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். 1998இல் டெக்சாஸில் புரூஸ் பொய்ட்லர், பாக்டீரியாவின் உறைப் பொருளான எண்டோடாக்சினுக்கு அசையாத ஒரு வகை எலிகளை ஆராய்ந்து, பழுது அதே குடும்பத்து ஏற்பி ஒன்றில்தான் என்று கண்டார். மனிதனுக்கு இப்படிப் பத்து 'டோல்' வகை ஏற்பிகள் உண்டு. ஒன்று பாக்டீரியாவின் சாட்டை இழையை அறியும், இன்னொன்று வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவை. ஹாஃப்மனும் பொய்ட்லரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2003இல் இறந்துவிட்ட ஜேன்வேயின் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. ஆனால் கேள்வி அவருடையது.

ஈக்கும் நட்சத்திர மீனுக்கும் ஆன்டிபாடி கிடையாது. இறாலுக்கும் நத்தைக்கும் கிடையாது. விழுங்கணுவும் சில ஏற்பிகளும் சில புரதங்களும் மட்டுமே கொண்டு அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவருகின்றன. குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தில் உள்ள செல்கள் எண்டோடாக்சின் பட்டதும் உறைந்து போகும். கடலில் அது நண்டின் காயத்தை அடைக்கும் வழி. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸிலும் ஊசி மருந்திலும் எண்டோடாக்சின் இல்லை என்று உறுதிசெய்ய, மருந்துத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக அந்த ரத்தத்தையே பயன்படுத்தி வந்துள்ளன. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு எண்டோடாக்சின் ரத்தத்தில் கலந்தாலே மனிதனுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும்.

காய்ச்சலும் உடலின் வேலைதான். மேக்ரோஃபேஜ்கள் விடும் புரதங்கள் மூளைக்குச் செய்தி கொண்டுபோக, மூளை உடல் வெப்பத்தின் அளவுகோலை உயர்த்துகிறது. 1970களில் மேத்யூ குளூகர் பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியா ஊசி போட்டார். தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத அந்தப் பல்லியினம், வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப்போய்ப் படுத்தது. அப்படிச் சூடான இடத்தில் வைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. இதனால் எந்தக் காய்ச்சலுக்கும் மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது. காய்ச்சலைக் குறைப்பதோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்றுதான் பொருள்.

இந்த அமைப்புக்கு விலையும் உண்டு. குதிகாலில் நடந்தது உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால், எல்லாக் குழாய்களும் விரிந்து கசிந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும்; செப்சிஸில் உயிர் போவது பல நேரங்களில் இப்படித்தான். ஏமாற்றத் தெரிந்த கிருமிகளும் உண்டு. காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. விழுங்கிய பையோடு செரிமானப் பை சேராமல் அந்தக் கிருமி தடுத்துவிட்டு, உள்ளேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது.

மறுபடியும் குதிகாலுக்கு வருவோம். வீங்கிய இடத்திலிருந்து நிணநீர் வழியே கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு சில செல்கள் தொடையிடுக்கு நிணக்கணுவுக்குப் போகின்றன. ஆன்டிபாடி செய்யும் செல்கள் அங்கே எழுப்பப்பட்டுப் பெருகுகின்றன. நெறி கட்டுவது அதனால்தான். அவை முழு அளவில் தயாராக ஒரு வாரமாவது ஆகும். பெரும்பாலான முள் குத்தல்களில் அதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது; வீக்கம் வடிந்து, சீழ் வெளியேறி, மேக்ரோஃபேஜ்கள் மிச்சம் மீதியை விழுங்கிச் சுத்தம் செய்து, புண் ஆறிவிடுகிறது.

சர்க்கரை நோய் நெடுநாள் கட்டுப்பாடின்றி இருப்பவரின் குதிகாலில் இதே கதை வேறு மாதிரி போகும். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன. ஊர்வதும் விழுங்குவதும் கொல்வதும் குறைகின்றன. குறுகிப்போன குழாய்கள் வழியே அவை காலுக்கு வந்து சேர்வதும் கடினம். நரம்பு மரத்துவிட்டதால் முள் குத்தியதே தெரியாது. தொற்று ஆழமாக இறங்கிய பிறகும் பலருக்கு வலியோ காய்ச்சலோ இருப்பதில்லை. ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொல்லைக்குப் போனாலும் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். இரவு படுக்கப் போகுமுன் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். சின்னப் புண் தென்பட்டாலும், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.